ஒன்று துணிந்தது, மற்றது வென்றது

ஷெவர்லே கோர்வேர், ஃபோர்டு மஸ்டாங். 1960களின் அமெரிக்காவைக் கலக்கிய இரண்டு கார்கள். துணிச்சலாகப் புதுமை செய்த கார் கெட்ட பெயர் எடுத்தது. பழைய சரக்கைப் புது உறையில் தந்த கார் நாயகனானது. இந்தப் போட்டியின் நடுவே பிறந்த சட்டம்தான் இன்று கோடிக்கணக்கானவர்களின் இடுப்பைச் சுற்றி நிற்கிறது.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், டியர்போர்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் ஒரு வெள்ளை நிறக் கார் நிற்கிறது. கூரையை மடித்துவிடக்கூடிய வகை. மஸ்டாங் வரிசையில் முதல் எண் பெற்ற கார் அது. 1964 ஏப்ரலில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமான ஓட்டி அதை டீலரிடம் பணம் கொடுத்து வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்து ஃபோர்டு நிறுவனம் திரும்பக் கேட்டபோது அவர் மசியவில்லை. இரண்டு வருடம் ஓட்டித் தீர்த்தார். பத்து லட்சமாவது மஸ்டாங் தயாரான சமயத்தில், புத்தம் புதிய கார் ஒன்றை ஈடாகக் கொடுத்துத்தான் அதை மீட்க முடிந்தது.

கனெக்டிகட் மாநிலத்தின் சிற்றூரான வின்ஸ்டெடிலும் ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே நிற்பது சிவப்பு நிற ஷெவர்லே கோர்வேர். இது கார்களுக்கான மியூசியம் அல்ல, இழப்பீட்டுச் சட்டத்துக்கான மியூசியம். 2015-ல் அதைத் தொடங்கியவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர் ரால்ஃப் நேடர். முதல் கார் அங்கே கோப்பையைப் போல வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கார் கோர்ட்டில் வைக்கும் சாட்சியப் பொருளைப் போல.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே காலத்து, ஒரே வகைக் கார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் 108 அங்குலம். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள்: இளைஞர்கள், முதல் கார் வாங்குபவர்கள், வீட்டுக்கு இரண்டாவது கார் தேடியவர்கள். இன்னும் சொல்லப்போனால், கோர்வேர் வந்திராவிட்டால் மஸ்டாங் அந்த வடிவத்தில் வந்தே இருக்காது. அப்படியானால் ஒன்றுக்கு மாலையும் மற்றதற்கு விலங்கும் எப்படி வாய்த்தன?

வண்டு வந்தது

1950களின் அமெரிக்கக் கார் என்றால் அது ஒரு நகரும் மாளிகை. மீன் துடுப்பு போன்ற பின்புறம், பளபளக்கும் குரோமியம், ஆறு பேர் தாராளமாக உட்காரும் சோபாக்கள். பெட்ரோலைக் குடித்துத் தள்ளியது. ஆனால் பெட்ரோல் மலிவாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காட்சிக்குள் ஜெர்மனியிலிருந்து ஊர்ந்து வந்தது ஃபோக்ஸ்வாகன் வண்டு. சின்னஞ்சிறு கார், பின்னால் இன்ஜின், குறைந்த விலை, நிறைய மைலேஜ். 1959-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று வெளிநாட்டுக் கார் என்ற நிலை வந்தபோது டெட்ராய்ட் விழித்துக்கொண்டது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மூன்று பெரிய நிறுவனங்களும் பதில் கொடுத்தன. ஃபோர்டு கொடுத்தது ஃபால்கன். கிரைஸ்லர் கொடுத்தது வேலியண்ட். இரண்டும் வழக்கமான அமெரிக்கக் கார்களின் சிறிய பதிப்புகள். முன்னால் இன்ஜின், தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர், பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் என்று எல்லாம் பழைய கதைதான். 1959 அக்டோபர் 2 அன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவு கொண்டுவந்ததோ வேறு ரகம்.

கோர்வேரின் இன்ஜின் பின்னால் இருந்தது, நம் ஊர் ஆட்டோரிக்ஷாவைப் போல. ஸ்கூட்டர் இன்ஜினைப் போலக் காற்றாலேயே குளிர்ந்தது. தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் ஆறு சிலிண்டர்கள், அலுமினிய உடல், சுமார் 2,300 சி.சி., 80 குதிரைசக்தி. காரின் நடுவே ஷாஃப்ட் ஓடாததால் தரை மேடில்லாமல் சமமாக இருந்தது. முன்பக்கம் எடை குறைவு என்பதால் ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது. சூத்திரதாரி, ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளராக இருந்து அதன் தலைவராக உயர்ந்த எட் கோல். ‘டைம்’ இதழ் அவரை அட்டையில் போட்டது. ‘மோட்டார் டிரெண்ட்’ இதழ் 1960-ன் சிறந்த காராக கோர்வேரைத் தேர்ந்தெடுத்தது.

இந்தக் கார் உருவான இடமும் சரித்திரப் புகழ் பெற்றது. மிஷிகனின் வில்லோ ரன் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்த இடம். பிறகு அது ஜெனரல் மோட்டார்ஸின் கைக்கு வந்தது.

ஆனால் கடையில் கல்லா கட்டியது ஃபால்கன்தான். முதல் ஆண்டில் நாலேகால் லட்சத்துக்கும் மேல் விற்றது. கோர்வேர் இரண்டரை லட்சம். சிக்கனக் கார் வேண்டியவர்களுக்குப் பழகிய இன்ஜினே போதுமாக இருந்தது. கோர்வேரைக் காப்பாற்றியது 1960-ன் நடுவில் வந்த மோன்ஸா என்ற ரகம். சோபாவை எடுத்துவிட்டு ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தனித்தனிக் குழி இருக்கைகள், நல்ல உள்தோற்றம், ஸ்போர்ட்ஸ் கார் சாயல். அவ்வளவுதான் மாற்றம். இளைஞர்கள் அதைத் தேடி வந்தார்கள். சிக்கனத்துக்காகப் பிறந்த கார் ஸ்டைலுக்காக விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்பார்க்காத திருப்பம் இது. எதிர் முகாமில் ஒருவர் இதைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

ராஜாளியின் மேல் குதிரை

அவர் லீ அயகோக்கா. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. 1960-ல், 36 வயதில் ஃபோர்டு பிரிவின் தலைவரானவர். படித்தது இன்ஜினியரிங், பிடித்தது விற்பனை. மோன்ஸாவின் வெற்றியில் அவர் பார்த்தது பின்பக்க இன்ஜினை அல்ல, குழி இருக்கைகளை. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை லைசென்ஸ் எடுக்கும் வயதை எட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் காரைப் போல இல்லாத ஒரு கார் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் கையில் தாராளமாகப் பணம் இல்லை. 1957-ல் ஆரவாரமாக அறிமுகப்படுத்தி 1959-ல் மூடிய எட்ஸெல் காரில் சுமார் 25 கோடி டாலர் இழந்த நிறுவனம் ஃபோர்டு. அடியிலிருந்து நுனிவரை புதிதாக ஒரு கார் செய்வதற்கு முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். வழி கண்டுபிடித்தார்கள். ஃபால்கனின் அடித்தளம், ஃபால்கனின் இன்ஜின், ஃபால்கனின் சஸ்பென்ஷன். அதன்மேல் நீண்ட முன்பக்கமும் குட்டைப் பின்பக்கமும் கொண்ட ஒரு புதிய உடல். ஃபால்கன் என்றால் ராஜாளி. மஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை. ராஜாளியின் எலும்புக்கூட்டில் குதிரைத் தோல் போர்த்தினார்கள்.

1964 ஏப்ரல் 16 இரவு மூன்று தேசியத் தொலைக்காட்சி நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் விளம்பரம். மறுநாள் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அறிமுகம். அதே வாரம் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டின் அட்டையிலும் அயகோக்கா. விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 ஆர்டர்கள் குவிந்ததாக ஃபோர்டு அறிவித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், 1966 மார்ச்சில், பத்து லட்சம் கார்கள்.

2,368 டாலர் விலையில்தான் சூட்சுமம். அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர், 101 குதிரைசக்தி கொண்ட சாதாரண கார். வேகம் வேண்டுமா? எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குத் தனி விலை. ஆட்டோமேடிக் கியர், ரேடியோ, நல்ல சக்கரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இட்லிக்குக் குறைந்த விலை போட்டுவிட்டு சட்னிக்கும் சாம்பாருக்கும் தனியாக பில் போடும் ஹோட்டல் தந்திரம். வாடிக்கையாளர்கள் சராசரியாக ஆயிரம் டாலர் கூடுதல் சமாச்சாரங்களுக்கே செலவழித்தார்கள் என்று அயகோக்கா 1984-ல் வெளியிட்ட சுயசரிதையில் மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

அடி எதிர் முகாமில் விழுந்தது. 1965 வசந்த காலத்திலேயே கோர்வேரை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் முடிவெடுத்துவிட்டது என்பது அமெரிக்கக் கார் வரலாறு எழுதியவர்கள் பலரின் கருத்து. பதிலுக்கு அது தயாரித்த கெமரோ 1966 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. முன்னால் இன்ஜின், பழகிய அடித்தளம், நீண்ட முகம். புதுமை செய்தவர்கள் தங்கள் புதுமையை மூட்டை கட்டிவிட்டு, எதிராளியின் பழமையைப் பின்பற்றினார்கள்.

சிறகு மடிந்தபோது

கோர்வேரின் இன்னொரு கதை சாலைகளில் நடந்துகொண்டிருந்தது. பின்னால் இன்ஜின் இருந்ததால் காரின் எடையில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பின்சக்கரங்கள்மீது இறங்கியது. அந்தச் சக்கரங்களைத் தாங்கிய ஆக்ஸில்கள் கியர்பாக்ஸ் அருகே மட்டும் மடங்கும் வகை. பறவையின் சிறகு உடலோடு சேரும் இடத்தில் மட்டும் அசைவதைப் போல. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் சில சமயம் காரின் அடியில் மடங்கி உள்வாங்கும். பின்பக்கம் தூக்கிக்கொண்டு வெளியே வீசும். சாதாரண அமெரிக்கக் கார் இதற்கு நேர் எதிரானது. வேகம் மிஞ்சினால் அதன் முன்பக்கம்தான் விலகிப் போகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சமாளித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் கோர்வேரை ஓட்டியவர்களுக்கு அது புரிபடுவதற்குள் கார் சுழன்றுவிடும்.

நிறுவனம் இதற்குச் சொன்ன வைத்தியம் காற்று. முன் டயர்களில் 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு காற்று அடிக்க வேண்டும் என்றது உரிமையாளர் கையேடு. கையேட்டைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்து அனுப்புவதுதான் பெட்ரோல் பங்கின் வழக்கம். அந்த நிமிடமே காரின் சமநிலை போய்விடும். வாங்கியவர் உயிர், காற்றடிக்கும் பையனின் கவனத்தில் இருந்தது.

வேறு வைத்தியமும் இருந்தது. முன்பக்கத்தில் காரின் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஒரு இரும்புத் தண்டு. ஆரம்ப மாடல்களில் செலவை மிச்சப்படுத்த அது விடப்பட்டது. பின்னாளில் ஷெவர்லேயின் தலைவராக இருந்த ஜான் டிலோரியன் சொன்னவற்றை வைத்து 1979-ல் வெளிவந்த நூல், இந்தத் தண்டுக்காக நிறுவனத்துக்குள்ளேயே நடந்த சண்டையை விவரிக்கிறது. காருக்கு 15 டாலர் செலவு. தலைமை மறுத்தது. அப்போது ஷெவர்லேயின் தலைவராக இருந்த பங்கி நட்சன், அனுமதிக்காவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று மிரட்டிய பிறகே தண்டு வந்ததாம். உயர் அதிகாரிகளின் குடும்பங்களிலேயே கோர்வேர் விபத்துகள் நேர்ந்திருந்தன என்றும் டிலோரியன் அதில் சொல்கிறார். 1964 மாடலில் தண்டு சேர்ந்தது. 1965 மாடலில் பின்பக்க சஸ்பென்ஷனே அடியோடு மாறி, கோளாறு சரியானது.

நிலைமை கைமீறியது அதற்குப் பிறகுதான். 1965 நவம்பர் 30 அன்று ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற புத்தகம் வெளிவந்தது. எந்த வேகத்திலும் ஆபத்து என்று பொருள். எழுதியவர் ரால்ஃப் நேடர். வயது 31, லெபனானிலிருந்து வந்து உணவகம் நடத்திய பெற்றோரின் மகன், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். புத்தகத்தில் எட்டு அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் மட்டுமே கோர்வேரைப் பற்றியது. மற்றவை மொத்தக் கார்த் தொழிலையும் விளாசின. மோதும்போது ஓட்டுநரின் மார்பில் ஈட்டியாகப் பாயும் ஸ்டியரிங் தண்டு, முகத்தைக் கிழிக்கும் டாஷ்போர்டு, அழகுக்காகப் பாதசாரிகளைக் குத்தும் கூர்முனைகள். ஆனால் ஊர் நினைவில் நின்றது முதல் அத்தியாயம்தான். அதற்குள் கோர்வேர் தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் ஜெனரல் மோட்டார்ஸ்மீது தொடுக்கப்பட்டிருந்தன.

நிறுவனம் செய்த அடுத்த காரியம் புத்தகத்தைவிடப் பெரிய விளம்பரமாக அமைந்தது. நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவத் துப்பறிவாளர்களை அமர்த்தியது. நண்பர்களிடம் விசாரணை, பின்தொடரல் எல்லாம் நடந்தன. செய்தி வெளியே கசிந்தது. 1966 மார்ச் 22 அன்று உலகின் மிகப் பெரிய கார் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட்டர் ரிபிகாஃப் தலைமையிலான துணைக்குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். நேடர் தொடுத்த வழக்கு 1970-ல் 4.25 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணம் நுகர்வோர் பணிகளுக்குப் போயிற்று.

விற்பனை சரிந்தது. 1965 மாடல் கோர்வேர் 2.3 லட்சத்துக்கு மேல் விற்றது. 1966-ல் சுமார் ஒரு லட்சம், 1967-ல் 27,000, 1968-ல் 15,000. கடைசியாக 1969 மாடலில் வெறும் 6,000. அந்த ஆண்டு மே 14 அன்று கதை முடிந்தது. சரிவுக்கு மஸ்டாங் எவ்வளவு காரணம், நேடர் எவ்வளவு காரணம் என்ற பட்டிமன்றம் இன்னும் நடக்கிறது. நேடரின் புத்தகத்தால் பயந்து ஒதுங்கியதாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் கோர்வேரை இன்னும் சில ஆண்டுகள் இழுத்துப் பிடித்தது என்று வாதிடுபவர்களும் உண்டு.

இரண்டு கார்கள்: ஒரு பார்வை

ஷெவர்லே கோர்வேர்
அறிமுகம்: 1959 அக்டோபர் 2
ஆரம்ப விலை: சுமார் 2,000 டாலர்
இன்ஜின்: பின்னால், 6 சிலிண்டர், காற்றால் குளிர்வது, 80 குதிரைசக்தி
மொத்த உற்பத்தி: ஏறத்தாழ 18 லட்சம்
இன்றைய நிலை: 1969 மே 14-ல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய ரசிகர் சங்கம் இன்றும் இயங்குகிறது

ஃபோர்டு மஸ்டாங்
அறிமுகம்: 1964 ஏப்ரல் 17
ஆரம்ப விலை: 2,368 டாலர்
இன்ஜின்: முன்னால், 6 சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது, 101 குதிரைசக்தி
மொத்த உற்பத்தி: 2018 ஆகஸ்டில் ஒரு கோடியைத் தொட்டது
இன்றைய நிலை: ஏழாவது தலைமுறை விற்பனையில். 1968-ன் ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய மஸ்டாங் 2020-ல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது

தாமதமான தீர்ப்பு

கோர்வேர் போய் மூன்று ஆண்டுகள் கழித்து, 1972 ஜூலையில், அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1960 முதல் 1963 வரையிலான கோர்வேரை அதன் காலத்து ஃபால்கன், வேலியண்ட், ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றோடு ஓட்டிப் பார்த்து எழுதிய அறிக்கை. கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ கோர்வேர் சமகாலக் கார்கள் சிலவற்றைவிட மோசமில்லை என்றது அது. நேடர் ஏற்கவில்லை. கோர்வேர் ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் அறிக்கையை நிதானமாகப் படித்தால் அது வேறொன்றையும் சொல்கிறது. கோர்வேர் மற்றவற்றைவிட மோசமில்லை என்றால், மற்றவையும் கோர்வேரைவிடப் பெரிதாக மேலில்லை என்றுதானே பொருள்?

நாயகன் மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பெட்ரோல் டாங்கியின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. டாங்கிக்கும் டிக்கிக்கும் நடுவே வேறு தகடு கிடையாது. டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவிலும் உறுதியான இரும்புச் சுவர் இல்லை. பின்னாலிருந்து பலமாக மோதினால் பெட்ரோல் பயணிகள்மீது தெறிக்கும் அபாயம் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து இதற்காகவும் வழக்குகள் வந்தன. பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் பலர் இன்று அந்த இடத்தில் தனியாகத் தகடு பொருத்திக்கொள்கிறார்கள். இதே அமைப்பு ஃபோர்டின் வேறு சில கார்களிலும் இருந்தது. ஆனால் 1964-ல் ஷோரூம் வாசலில் வரிசையில் நின்ற யாரும் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பாதுகாப்பு விற்காது என்பது டெட்ராய்ட்டின் வேத வாக்கு. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1956-ல் ஃபோர்டு பிரிவின் தலைவராக இருந்த ராபர்ட் மக்னமாரா, அதாவது பிற்காலத்தில் வியட்நாம் போரை நடத்திய அதே பாதுகாப்பு அமைச்சர், சீட் பெல்ட்டையும் மெத்தை வைத்த டாஷ்போர்டையும் முன்னிறுத்திக் கார் விற்கப் பார்த்தார். அப்போது ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் உதவி விற்பனை அதிகாரியாக இருந்த அயகோக்கா, மெத்தை எவ்வளவு மென்மை என்று டீலர்களுக்குக் காட்ட ஏணியில் ஏறி அதன்மேல் முட்டைகளைப் போட்டார். முட்டைகள் உடைந்து வழிந்தன. பாதுகாப்பை ஓரம் கட்டிவிட்டு, மாதம் 56 டாலர் தவணையில் 56-ம் வருடத்துக் கார் என்று ஒரு திட்டம் போட்டார். கார்கள் பறந்தன. அந்த வெற்றிதான் அவரைத் தலைமையகத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆண்டு ஃபோர்டைவிட ஷெவர்லே அதிகம் விற்றது. தொழில் முழுவதும் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டது.

ஆகவே கோர்வேரையும் மஸ்டாங்கையும் பிரித்தது தயாரித்தவர்களின் மனசாட்சி அல்ல. கண்ணுக்குத் தெரிகிறதற்கு இரு நிறுவனங்களும் தாராளமாகச் செலவழித்தன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 15 டாலர் தண்டானாலும் சரி, ஒரு இரும்புத் தகடானாலும் சரி, கை சுருங்கியது. வாங்குபவரும் பார்க்கிறதற்குத்தான் பணம் கொடுத்தார். கோர்வேர் செய்த தனிக்குற்றம், தன் குறையைப் பழக்கமில்லாத விதத்தில், வளைவில் வாலைச் சுழற்றி வெளியே காட்டிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாததைக் கவனிக்க வேறொருவர் தேவைப்பட்டார். 1966 செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சீட் பெல்ட், மோதும்போது மடங்கும் ஸ்டியரிங் தண்டு போன்றவை 1968 முதல் புதிய கார்களில் கட்டாயமாயின. மஸ்டாங்குக்கும்தான். 1966-ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 50,000-க்கும் மேல். வாகனங்கள் ஓடிய ஒவ்வொரு பத்துக் கோடி மைலுக்கும் ஐந்தரைப் பேர். இன்று அந்த விகிதம் ஒன்றரைக்கும் கீழே.

நம் சாலையில்

இது அமெரிக்காவோடு முடிந்த கதை அல்ல. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ, சென்னை அருகே தயாரான ஃபோர்டு ஃபிகோ, கோர்வேரைப் போலவே பின்னால் இன்ஜின் வைத்த டாடா நானோ. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்.

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. ஃபோக்ஸ்வாகன், ஏர்பேக் இல்லாத போலோவை விற்பனையிலிருந்து எடுத்தது. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ அதே சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. கார் அதே கார்தான். கண்ணுக்குத் தெரியாத குறை எண்ணாக மாறி வெளியே வந்ததும் மாற்றம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை மணியும் இந்தியக் கார்களில் கட்டாயமாயின. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற சொந்தச் சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே தங்கள் காரை அந்தச் சோதனைக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாட்டோடு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள். பாதிப் பேர் ஓட்டியவர்கள், பாதிப் பேர் கூட உட்கார்ந்து வந்தவர்கள். சட்டம் இருந்தது, காரில் பெல்ட்டும் இருந்தது. டிலோரியனின் 15 டாலர் தண்டுக்காவது ஒருவர் ராஜினாமா மிரட்டல் விட வேண்டியிருந்தது. பெல்ட்டை இழுத்து மாட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.